டி.ஏ. (கரைந்த அசிட்டிலின்) சிலிண்டர்: லேபிளின் நடு வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள்

கேஸ் வெல்டிங், கட்டிங், பிரேசிங் மூன்றையும் ஒரே எரிவாயுவில் முடிக்க வேண்டும் என்றால் அசிட்டிலினை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆக்சிஜனோடு எரியும்போது அதன் சுடர் 3,100 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எஃகை உருக்கி ஒட்டும்போது உருகிய உலோகத்தைக் காற்று தொடாமல் காக்கும் சுடரும் இதில்தான் கிடைக்கும். புரொப்பேனில் வெட்டலாம், சூடாக்கலாம்; எஃகைக் கேஸ் வெல்டிங் செய்ய அது சரிவராது. இதைத் திருப்பியும் சொல்லலாம்: தகடு வெட்டுவதும் சூடுபடுத்துவதும் மட்டுமே வேலை என்றால் புரொப்பேனே போதும். ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகும், துளை விழ நேரமெடுக்கும், ஆனால் கீழே வரும் தலைவலிகளில் பாதி இருக்காது.

காரணம் லேபிளிலேயே இருக்கிறது. புரொப்பேன் சிலிண்டரில் இரண்டு எச்சரிக்கை வரிகள்: எச்220, அதாவது மிக எளிதில் தீப்பற்றும் வாயு, எச்280, அதாவது அழுத்தத்தில் உள்ள வாயு, சூடானால் வெடிக்கலாம். டி.ஏ. சிலிண்டரில் இவை இரண்டுக்கும் நடுவே எச்230 என்று இன்னொன்று நிற்கும். காற்றே இல்லாவிட்டாலும் வெடித்துச் சிதையலாம் என்று பொருள். போக்குவரத்து எண் யூஎன் 1001, வகுப்பு 2.1. சுடர் போட்ட சிவப்புச் சாய்சதுரம் எல்லா எரிவாயுவுக்கும் பொது. அதைப் பார்த்து இதுவும் இன்னொரு கேஸ்தான் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். இந்த லேபிள்களை வகுக்கும் உலகளாவிய ஒத்திசைவு முறை அசிட்டிலினை 'நிலைப்பில்லாத வாயு, ஏ பிரிவு' என்று தனியாக வைத்திருப்பது சும்மா இல்லை. அசிட்டிலின் மூலக்கூறு உடைந்து கரியும் ஹைட்ரஜனுமாகப் பிரியும்போதே ஏராளமான வெப்பம் வெளிவரும். அந்த வெப்பம் பக்கத்து மூலக்கூறை உடைக்கும். இதற்கு ஆக்சிஜன் தேவையே இல்லை.

மற்ற எண்களும் கடுமைதான். காற்றில் 2.5 சதவீதம் கலந்தாலே பற்றும். மேல் எல்லை 80 சதவீதத்துக்கும் மேல். புரொப்பேனுக்கு இந்த வரம்பு சுமார் 2 முதல் 9.5 வரைதான். தானாகப் பற்றும் வெப்பநிலை சுமார் 305 டிகிரி. பற்றவைக்க 0.02 மில்லிஜூல்கூட வேண்டாம். கையுறையைக் கழற்றும்போது எழும் நிலைமின் பொறி அதைவிடப் பெரியது.

இவ்வளவு முரட்டு வாயுவை எப்படிச் சிலிண்டரில் அடைக்கிறார்கள்? அடைப்பதில்லை, கரைக்கிறார்கள். உள்ளே வெற்றிடமே கிடையாது. கால்சியம் சிலிகேட் போன்ற நுண்துளைப் பொருள் முழு உடலையும் நிரப்பியிருக்கும். அதன் கனஅளவில் ஏறக்குறைய 90 சதவீதம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அந்தத் துளைகளில் அசிட்டோன் என்ற திரவம், அசிட்டோனில் வாயு. சாதாரண அழுத்தத்திலேயே ஒரு லிட்டர் அசிட்டோன் சுமார் 25 லிட்டர் அசிட்டிலினைக் கரைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏற ஏற இன்னும் கொள்ளும். சிதைவு எங்காவது தொடங்கினாலும் அந்தச் சிறு துளைகளில் வெப்பம் உறிஞ்சப்பட்டு அடங்கிவிடும். இந்த நிரப்புப் பொருளைச் செம்மைப்படுத்திய சுவீடன் பொறியாளர் குஸ்டாஃப் டாலேன் 1912இல் அசிட்டிலின் சோதனை ஒன்றில் நேர்ந்த வெடிப்பில் பார்வையை இழந்தார். இயற்பியல் நோபலும் அவருக்கு அதே ஆண்டில்தான் வந்தது.

உள்ளமைப்பு புரிந்தால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சிலிண்டரைப் படுக்கவைத்து வேலை செய்தால் வாயுவோடு அசிட்டோனும் ஹோஸுக்கு வரும், அதனால் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுத்த நிலையில் வந்து சேர்ந்திருந்தால் நிமிர்த்திவைத்து, அசிட்டோன் அடங்கச் சில மணி நேரம் விட்ட பிறகே ரெகுலேட்டரை மாட்டுங்கள். கீழே போட்டாலோ உருட்டி மோதினாலோ நிரப்புப் பொருள் உடைந்து உள்ளே வெற்றிடம் உண்டாகலாம். வாயு அங்கே தனியாகச் சேர்ந்தால் சிதைவைத் தடுக்க ஒன்றுமில்லை. சிலிண்டரின் தோளில் (மேல் வளைவில்) பள்ளம், காலில் (அடியில்) நசுங்கல், எரிந்த வண்ணம், வால்வில் புகைக்கரி, இவற்றில் எது தெரிந்தாலும் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

வாங்குபவர்கள் ஏமாறும் இடம் பிரஷர் கேஜ். கரைந்த வாயுவில் கேஜ் காட்டுவது வெப்பநிலையின் விளைவையும் சேர்த்துத்தான். நிறைந்த சிலிண்டர் குளிர்ந்த காலையில் ஒரு எண்ணும் வெயிலில் நின்ற பிறகு வேறு எண்ணும் காட்டும். சரியான அளவு எடை மட்டுமே. தோளில் பொறித்திருக்கும் வெற்று எடையில் அசிட்டோனும் சேர்ந்திருக்கும். அது 65 கிலோ, தராசு 71.5 காட்டுகிறது என்றால் வாயு 6.5 கிலோ, அதாவது கிட்டத்தட்ட 5.9 கனமீட்டர். திருப்பித் தரும் சிலிண்டர் பொறித்த எடையைவிடக் குறைவாக நின்றால் அசிட்டோன் போய்விட்டது என்று அர்த்தம். நிரப்பும் நிலையம் எடை போட்டு, குறைந்ததை ஈடுசெய்துதான் வாயு ஏற்ற வேண்டும். இறக்கும்போது தராசு காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

அசிட்டோன் ஏன் போகிறது? அவசரத்தால். சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் நுரை பொங்குவதைப் போலத்தான். விட்டு விட்டுச் செய்யும் வேலைக்கு மணிக்கு உள்ளடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு, தொடர் வேலைக்குப் பதினைந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை வராது. மேலே சொன்ன சிலிண்டரில் இது மணிக்கு சுமார் 590 லிட்டர், தொடர்ந்தால் சுமார் 390. சாதாரணக் கட்டிங் நாசிலுக்கு இது போதும். பெரிய ஹீட்டிங் நாசிலுக்குப் போதவே போதாது. இரண்டு மூன்று சிலிண்டர்களை மேனிஃபோல்டில், அதாவது ஒரே பொதுக் குழாயில், சேர்க்க வேண்டும். ஒரே சிலிண்டரில் பெரிய நாசிலைப் போட்டால் அழுத்தம் தடுமாறும், சுடர் நிறம் மாறும், ரெகுலேட்டரின் ரப்பர் சீல் ஊறி உப்பும், கடைசியில் பேக்ஃபயர், அதாவது சுடர் டார்ச்சுக்குள் திரும்பும். நாசில் சரியில்லை என்று பழி அதன்மேல் போகும்.

ரெகுலேட்டரிலிருந்து ஹோஸுக்குப் போகும் அழுத்தம் பற்றி ஒரே கோடு: கேஜ் அளவில் 15 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 1 பார். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி இதுதான். ஐரோப்பிய நடைமுறை 1.5 பார். அசிட்டோன் இல்லாத ஹோஸில் இதற்கு மேல் போனால் வாயு தானே சிதையத் தயாராகிவிடும். கட்டிங்குக்கு அரை பாருக்குக் கீழேயே வேலை முடிந்துவிடும், ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. சிலிண்டர் வால்வை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திறக்காதீர்கள். சாவியால் திறக்கும் வகை என்றால் சாவி வால்விலேயே இருக்கட்டும். ஹோஸ் தீப்பிடிக்கும் நேரத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

சிலிண்டரோடு சேர்த்து வாங்க வேண்டியது ஃபிளாஷ்பேக் அரெஸ்டர், அதாவது ஹோஸ் வழியே திரும்பி வரும் சுடரை நிறுத்தும் கருவி. ஐஎஸ்ஓ 5175-1 முத்திரை உள்ளதைக் கேளுங்கள். நல்லதில் மூன்று பாகங்கள் இருக்கும்: வாயு திரும்பாமல் தடுக்கும் வால்வு, சுடரை அணைக்கும் நுண்துளை எஃகுக் குழல், சூடேறினால் தானே மூடும் வெப்பத் தடுப்பு. திரும்பாத் தடுப்பு வால்வை மட்டும் அரெஸ்டர் என்ற பெயரில் விற்பதும் நடக்கிறது. அது எதிரோட்டத்தைத்தான் தடுக்கும், சுடரை நிறுத்தாது. ரெகுலேட்டர் பக்கம் இரண்டு வாயுவுக்கும் ஒவ்வொன்று கட்டாயம். ஒருமுறை சுடர் திரும்பிய அரெஸ்டரை ஊதிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டாதீர்கள். உள்ளே கரி படிந்திருக்கும், வெப்பத் தடுப்பு மூடியிருக்கும்.

டார்ச்சுக்குள் கீச்சென்று விசில் சத்தம் கேட்டால் சுடர் உள்ளே எரிகிறது. ஆக்சிஜன் வால்வை முதலில் மூடுங்கள், அடுத்த நொடி அசிட்டிலினை, பிறகு சிலிண்டர் வால்வுகளை. காரணம் கண்டுபிடிக்காமல் மறுபடி பற்றவைக்கக் கூடாது. பெரும்பாலும் நாசில் அடைப்பு, தளர்ந்த நாசில், குறைந்த அழுத்தம் ஆகியவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இணைப்புகளில் செம்புக் குழாய் வேண்டவே வேண்டாம். செம்பு, வெள்ளி, பாதரசம் மூன்றோடும் அசிட்டிலின் சேர்ந்து, தட்டினாலே வெடிக்கும் அசிட்டிலைடு உண்டாகும். செம்பு 65 சதவீதத்துக்குக் குறைந்த பித்தளை பரவாயில்லை. கசிவைச் சோப்பு நீரில் பாருங்கள், லைட்டரில் அல்ல. பூண்டு போன்ற வாசனை வந்தால் கசிவு உறுதி. சேமிப்பில் ஆக்சிஜன் சிலிண்டர்களிலிருந்து 6 மீட்டர் தள்ளியோ, நடுவில் அரை மணி நேரம் தீயைத் தாங்கும், குறைந்தது ஒன்றரை மீட்டர் உயரச் சுவர் வைத்தோ நிறுத்துங்கள். காலி என்று எழுதியிருந்தாலும் இதே விதிதான்.

தீயில் அகப்பட்ட சிலிண்டரை, தீ அணைந்துவிட்டது என்பதற்காக யாரும் தொடக் கூடாது. சிதைவு உள்ளே மெதுவாகத் தொடரலாம். சுமார் 100 டிகிரியில் உருகும் பாதுகாப்பு அடைப்பு அழுத்தத்தைத்தான் வெளியேற்றும், சிதைவை நிறுத்தாது. ஆட்களை விலக்கி, தீயணைப்புத் துறையை அழைத்து, சிலிண்டர் அசிட்டிலின் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அவர்கள் மறைவிலிருந்து குறைந்தது ஒரு மணி நேரம் தண்ணீர் அடித்துக் குளிர்விப்பார்கள். பிறகு தண்ணீரை நிறுத்தி, நனைந்த மேற்பரப்பு வேகமாகக் காய்கிறதா என்று பார்ப்பார்கள். ஆவி எழுந்து காய்ந்தால் உள்ளே இன்னும் சூடு இருக்கிறது, மறுபடி தண்ணீர்தான்.