கார்பன் பானட் வாங்குமுன் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது என் காரின் பானட் திறந்து, முன் கண்ணாடியில் அறைந்தது. அதுவரை தெரிந்த சாலை மறைந்து, கண்ணுக்கு முன்னால் வெறும் கறுப்பு. பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். பானட்டின் அடியில் கீல் பக்கமாகத் தெரிந்த விரற்கடை இடைவெளி வழியாகப் பார்த்துக்கொண்டே, பிரேக்கை மெல்ல அழுத்தி, வண்டியை ஓரங்கட்டினேன். அப்பாவின் நெற்றியில் கண்ணாடித் துகள் பட்டுச் சிராய்ப்பு. பின்னால் லாரி எதுவும் ஒட்டி வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

அந்த பானட் மாட்டி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. காரோடு வந்த இரும்பு பானட்டில் ஒரு குறையும் இல்லை. முன்பக்க எடை குறைந்தால் வண்டி திரும்புவது இலகுவாக இருக்கும் என்று நெடுநாள் ஆசை. விற்றவர் "முழு கார்பன் ஃபைபர், பழையதில் பாதி எடை" என்று எழுதியிருந்தார். அவர் அனுப்பிய படங்கள் எல்லாமே மேல்பக்கம். கார்பன் இழைத் துணியின் சாய்வு நெசவு பளபளவென்று மின்னியது. அடிப்பக்கத்தைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை.

பார்சல் வந்ததும் எடை போட்டேன். பழையது 15.8 கிலோ, புதியது 14.6 கிலோ. பாதி எங்கே என்று கேட்டதற்கு, "பெயின்ட், கிளியர் கோட் எடை சார் அது" என்றார். கிளியர் கோட் என்பது நிறமற்ற பளபளப்பு மேல்பூச்சு. ஆறேழு கிலோ கிளியர் கோட்டை யாரும் ஒரு பானட்டில் பூச முடியாது. அங்கேயே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

கார்பன் என்ற ஒரே பெயரில் பல வகைச் சரக்கு விற்கிறது. இழைகளை ஒட்டி இறுக்கும் ரெசின் என்ற பிசினில் முன்பே ஊறிய துணியை அச்சில் அடுக்கி, ஆட்டோகிளேவ் என்ற அழுத்தச் சூளையில் வெப்பமும் அழுத்தமும் கொடுத்து எடுப்பது உயர்ந்த வகை. உலர்ந்த துணியை அடுக்கி வெற்றிடத்தால் ரெசினை உள்ளே இழுப்பது அடுத்தது. கையால் ரெசின் தடவி ஒட்டுவது மலிவானது. எனக்கு வந்தது அதற்கும் கீழே: மேலே ஒரே ஒரு கார்பன் துணி, அதன் கீழே முழுக்க ஃபைபர்கிளாஸ், அதாவது கண்ணாடி இழை. ஃபைபர்கிளாஸ் கெட்ட பொருள் இல்லை. 1953-இல் வந்த முதல் செவ்ரோலே கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரின் உடலே ஃபைபர்கிளாஸ்தான். 2004-இல் அதே கார்வெட்டின் இசட்06 என்ற வகையின் நினைவுப் பதிப்புக்குத் தொழிற்சாலையே கார்பன் பானட் மாட்டியது. பானட்டைப் பூட்டும் கொக்கி எங்கே உட்காரும், எவ்வளவு இழுப்பைத் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்தால் இரண்டுமே நல்ல பொருள்கள்தான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்பதுதான் மோசடி.

மாட்டும்போதே கோளாறு தெரிந்தது. பானட் ஃபெண்டரோடு, அதாவது முன்சக்கரத்துக்கு மேலிருக்கும் பக்கத் தகட்டோடு, சமமாக உட்காரவில்லை, ஒரு மூலை அமுங்கியிருந்தது. மாட்டியவர் பானட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் ஸ்டாப்பரைத் திருகி உயர்த்தினார். மூடும்போது இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது.

"அண்ணே, இவ்வளவு டைட்டா இருக்கலாமா?"

"புதுசு சார், போகப் போகச் சரியாயிடும்."

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஸ்டாப்பர் பானட்டை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. கீழே பிடித்திருப்பது வளைந்த ஒரு பூட்டுக் கம்பி மட்டும். இரும்பு பானட்டில் அந்தக் கம்பி உள்சட்டத்தோடு சேர்ந்து வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. புதியதில் ஒரு சிறு தகட்டைப் பசையால் ஒட்டி, இரண்டு குட்டை ஸ்க்ரூவை ஃபைபர்கிளாஸில் முடுக்கியிருந்தார்கள். பின்பக்கம் நட் இல்லை, வலுவூட்டத் தகடும் இல்லை. வெயில், எஞ்சின் சூடு, குண்டுகுழி அதிர்வு, வேகத்தில் காற்று மேலே தூக்கும் விசை என்று நான்கு மாதம் எல்லாமே அந்த இரண்டு ஸ்க்ரூவை இழுத்திருக்கின்றன. கடைசியில் தகடு துண்டோடு பிய்ந்து வந்துவிட்டது. பாதுகாப்புக்கு இரண்டாவது கொக்கி இருக்கிறதே என்று தோன்றும். என் காரில் அதுவும் இதே கம்பியைத்தான் பிடிக்கிறது. கம்பியே கழன்ற பிறகு அது எதைப் பிடிக்கும்?

விற்றவரிடம் படத்தோடு போனேன். "பானட் பின் போடாதது உங்க தப்பு" என்றார். பானட்டைக் கூடுதலாகப் பூட்டிவைக்கும் அந்தப் பின்னைப் போட வேண்டும் என்று விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரசீதின் அடியில் பொடி எழுத்தில் "காட்சிக்கு மட்டும், பொதுச்சாலைப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அச்சடித்திருந்ததை அப்போதுதான் காட்டினார். துளை போட்டு மாட்டியதால் திருப்பி எடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். காப்பீட்டு நிறுவனமோ, மாற்றத்தை முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்று கண்ணாடிக்கான கோரிக்கையை மறுத்தது. அது மட்டும் என் தவறு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இதைவிட வலிப்பது பழைய பானட். "இடத்தை அடைக்கும், நாங்களே அப்புறப்படுத்திடுறோம்" என்று மாட்டிய இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். திரும்பக் கேட்டபோது இல்லை. மோதலின்போது நடுவில் மடங்கி, கண்ணாடியைக் குத்திக்கொண்டு உள்ளே வராதபடி வடிவமைக்கப்பட்ட பாகம் அது. பாதசாரி தலை மோதினால் நசுங்கிக் கொடுப்பதும் அதன் வேலை. அப்படிப்பட்டதைக் கொடுத்துவிட்டு, எந்தச் சோதனையும் காணாத பலகையை மாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு டிங்கரிங் செய்யும் ஒருவர் பிய்ந்த விளிம்பைத் தேய்த்துக் காட்டினார். மேலே மெல்லியதாகக் கறுப்புத் தூள், அப்புறம் முழுக்க வெள்ளை. கறுப்பு கார்பன், வெள்ளை ஃபைபர்கிளாஸ். வெட்டு விளிம்பில் மல்டிமீட்டரை வைத்தாலும் தெரியும். கார்பன் மின்சாரம் கடத்தும், கண்ணாடி இழை கடத்தாது. தேய்ப்பவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

உண்மையான கார்பன் கிடைத்தவர்களுக்கும் இரண்டு விஷயம். பானட்டைத் தூக்கிப் பிடிக்க இரும்பு எடைக்குத் தக்க கேஸ் ஸ்பிரிங் இருக்கும் கார்களில் அது இலேசான பானட்டை ஓயாமல் தள்ளி, கீல் மூலையில் விரிசல் விடவைக்கும். ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும். அலுமினியம் கார்பனை நேரடியாகத் தொட்டு, இடையில் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். இடையில் பிளாஸ்டிக் வாஷர் அவசியம்.

ஏற்கெனவே மாட்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே பானட்டைத் திறந்து, பூட்டுக் கம்பியைக் கையால் பிடித்து நான்கு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். ஸ்க்ரூவைச் சுற்றி மயிரிழை விரிசலோ வெள்ளைத் திட்டோ தெரிந்தால் வொர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள். மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கு வரச் சொல்லுங்கள்.