அமைச்சர் தந்த வாக்கைக் கேட்க மூன்று வழி: மனுவா, தகவல் கோரிக்கையா, எம்.பி.க்குக் கடிதமா?

பிரித்தானிய அமைச்சர் ஒருவர் மேடையில் ஒரு வாக்குக் கொடுக்கிறார். இரண்டு வருடம் கழித்து அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதைப் பிடித்துக் கேட்க, கைக்காசு செலவழிக்காத வழிகள் மூன்று உண்டு. பாராளுமன்றத்தின் இணையதளத்தில் மனுப் போடலாம், தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோரலாம், தொகுதி எம்.பி.க்கு எழுதி அவர் மூலம் அமைச்சரைக் கேட்கலாம். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதெல்லாம் முதலாவதுதான். நான் மூன்றாவதின் பக்கம்.

ஒரு வாக்குறுதியை எடுத்துவைத்துக்கொண்டு பார்த்தால் வித்தியாசம் விளங்கும். 2019 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி இங்கிலாந்துக்கு 40 புதிய மருத்துவமனைகள் என்றது. 2020 ஒக்டோபரில் பொறிஸ் ஜோன்சன் அரசு 3.7 பில்லியன் பவுண் என்று தொகையும் சொல்லி, 2030க்குள் கட்டிமுடிப்போம் என்றது. 2023 ஜூலையில் தேசியக் கணக்காய்வு அலுவலகம், 'புதிய மருத்துவமனை' என்பதற்கு 2020இல் சொன்ன பொருளின்படி பார்த்தால் 2030க்குள் 40 வராது என்று அறிக்கை எழுதியது. 2025 ஜனவரியில், ஆட்சி மாறியபின், தொழிற்கட்சியின் சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீற்றிங் புதிய அட்டவணை போட்டார். அதில் சில மருத்துவமனைகளுக்கு அத்திவாரம் வெட்டுவதே 2030களின் பிற்பாதியில்தான். இதற்கிடையில் 'புதிய' என்ற சொல்லும் இழுபட்டது. பழைய வளாகத்தில் எழும் ஒரு புதிய பிரிவையும் பெரிய புனரமைப்பையும்கூடப் 'புதிய மருத்துவமனை' என்றே அழைக்கும்படி சுகாதாரசேவைக்கு வழிகாட்டல் போயிருந்தது. ஆகவே இங்கே கேட்கவேண்டியது 'எத்தனை' என்று மட்டுமல்ல, 'எதை எண்ணுகிறீர்கள்' என்றும்தான்.

மனுவைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எழுதியவரும் ஆதரவாளர் ஐந்து பேரும் சேர்ந்தால் பரிசீலனைக்குப் போகும். ஏற்றுக்கொண்டால் 6 மாதம் திறந்திருக்கும். பிரித்தானியக் குடியுரிமை இல்லாவிட்டாலும் இங்கே வசிப்பவர் ஒப்பமிடலாம். 10,000 ஒப்பத்துக்கு அரசின் எழுத்துமூல மறுமொழி. 100,000 வந்தால் விவாதத்துக்கு எடுப்பதா என்று மனுக்குழு யோசிக்கும். விவாதம் வழக்கமாகத் திங்கட்கிழமை மாலை, பிரதான சபையில் அல்ல, வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில். 'இந்த மனுவைச் சபை கருத்திலெடுத்தது' என்பதோடு கதை முடியும். அரசைக் கட்டுப்படுத்தும் வாக்கெடுப்புக் கிடையாது. பிரெக்சிற்றை நிறுத்தக் கோரிய 2019 மனுவுக்கு 6 மில்லியனுக்கு மேல் ஒப்பம் விழுந்தது. அதற்கே 'முடியாது' என்றுதான் மறுமொழி. ஒரு விஷயம் ஊரெல்லாம் பேசப்படவேண்டும் என்றால் மனு நல்லது. கணக்குக் கேட்க அது சரியான கருவி அல்ல. இன்னொன்று: பாராளுமன்றம் கலைந்தால் திறந்திருக்கும் மனு எல்லாம் அன்றோடு மூடப்படும், ஒப்பம் எத்தனை சேர்ந்திருந்தாலும் சரி.

தகவல் கோரிக்கை இதைவிடப் பலமடங்கு மேல். 2000ஆம் ஆண்டுச் சட்டம், 2005 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் இந்த உரிமை குடிமக்களுக்கு மட்டும். பிரித்தானியச் சட்டத்தில் அந்த நிபந்தனை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்தோ மதுரையிலிருந்தோகூட லண்டன் அமைச்சுக்கு ஒரு மின்னஞ்சல் போடலாம். உண்மைப் பெயரும் மறுமொழி அனுப்ப ஒரு முகவரியும் வேண்டும். 20 வேலைநாளுக்குள் பதில் தரவேண்டும்.

பலர் சறுக்குவது கேள்வியின் வடிவத்தில். இந்தச் சட்டம் பதிவில் உள்ளதைத்தான் தரும். 'ஏன் தாமதம்?' என்று கேட்டால், அதற்குப் பதிலாக ஓர் ஆவணம் இல்லாதவரை ஒன்றும் கிடைக்காது. 'இன்ன திகதிக்கும் இன்ன திகதிக்கும் இடையில், இன்ன மருத்துவமனைத் திட்டத்தின் கட்டடத் தொடக்கத் திகதியை மாற்றுவது பற்றி அமைச்சர் அலுவலகத்துக்குப் போன குறிப்புகள்' என்று கேட்டால் தேட ஓர் இடம் இருக்கும். காலத்தை அகலமாக விட்டால் செலவு வரம்பில் முட்டும்: மத்திய அமைச்சுகளுக்கு 600 பவுண், அதாவது மணிக்கு 25 பவுண் என்று 24 மணிநேரத் தேடல். அதைத் தாண்டினால் மறுக்கலாம். துண்டு துண்டாக அனுப்பித் தப்பலாம் என்று நினைக்கவேண்டாம். 60 வேலைநாளுக்குள் ஒருவர் அனுப்பும் ஒரே மாதிரிக் கோரிக்கைகளைக் கூட்டிக் கணக்குப்போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

அதைவிடப் பெரிய தடை 35ஆம் பிரிவு. கொள்கை வகுப்பது தொடர்பான தகவலுக்கு அது விலக்குத் தருகிறது. பொதுநலன் எந்தப் பக்கம் கனக்கிறது என்று நிறுத்துப் பார்த்தபின்தான் மறுக்கவேண்டும், அதற்கு மேலதிக நாளும் எடுப்பார்கள். மறுத்தால் உள்ளக மீளாய்வு, பிறகு தகவல் ஆணையாளர், பிறகு தீர்ப்பாயம். அதற்குள் அமைச்சர் வேறு அமைச்சுக்குப் போயிருப்பார். பழைய கணக்கைத் தோண்ட இது அருமையான மண்வெட்டி. ஆனால் 'இன்றைக்கு உங்கள் நிலை என்ன' என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. வரும் பதிலும் அதிகாரி தருவது, அமைச்சரின் வாய்மொழி அல்ல.

நான் எம்.பி. வழிக்குச் சாய்வதற்குக் காரணம் இதுதான்: பதிலுக்கு யார் பொறுப்பு? எம்.பி. போடும் எழுத்துமூலக் கேள்விக்கு அமைச்சரின் பெயரில், பாராளுமன்றத்துக்கே விடை வருகிறது. பாராளுமன்றத்தைத் தெரிந்தே பிழையாக வழிநடத்திய அமைச்சர் பதவி விலக முன்வரவேண்டும், தவறுதலாகச் சொன்னதை முடிந்தளவு விரைவில் திருத்தவேண்டும் என்பது அமைச்சர்களுக்கான ஒழுக்கக்கோவை. 1997இல் சபை நிறைவேற்றிய தீர்மானமும் சபைக்கு உண்மை சொல்லும் கடமையை வைக்கிறது. தொலைக்காட்சியில் சொன்னதற்கு இந்தக் கட்டு இல்லை. மேடையில் விட்ட வாக்கைச் சபைப் பதிவுக்குள் இழுத்துவருவதுதான் இந்தக் கடிதத்தின் வேலை. விடை இலக்கமிட்டு வெளியாகும், பிறகு யாரும் தேடி எடுக்கலாம்.

கடிதம் ஒரு பக்கம் போதும். தலைப்பிலேயே உங்கள் வீட்டு முகவரியும் அஞ்சல் குறியீடும் இருக்கவேண்டும். தொகுதிவாசி என்று தெரியாவிட்டால் அலுவலகம் மேற்கொண்டு நகராது. வாக்காளராக இருக்கவேண்டியதில்லை, வசித்தால் போதும். இயக்கங்கள் தரும் ஆயத்தக் கடிதத்தை அப்படியே ஒட்டினால் ஆயத்தப் பதில்தான் வரும். கடைசி வரியில், 'இதை எழுத்துமூலக் கேள்வியாகச் சமர்ப்பிக்க முடியுமா, இல்லையேல் அமைச்சருக்கு அனுப்பி அவரது பதிலை எனக்குத் தரமுடியுமா' என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் எம்.பி. தன் கட்சியின் கருத்தை எழுதி அனுப்பிவிடுவார், உங்களுக்கும் பதில் வந்துவிட்டதுபோல இருக்கும்.

கேள்வியையும் நீங்களே எழுதிக் கொடுப்பது நல்லது. '40 மருத்துவமனை வாக்கை அரசு காப்பாற்றுமா?' என்றால், 'அரசு இத்திட்டத்தில் உறுதியாக உள்ளது' என்று வரும். இப்படிக் கேளுங்கள்: '2020 ஒக்டோபரில் அறிவித்த 40இல், (அ) இன்றுவரை கட்டடவேலை தொடங்கியவை எத்தனை, (ஆ) அவற்றில் முழு மருத்துவமனை எத்தனை, ஒரு பிரிவு அல்லது புனரமைப்பு மட்டும் எத்தனை, (இ) 2030 முடிவுக்குள் திறக்க எதிர்பார்ப்பவை எவை?' (ஆ)வில்தான் பிடி. அதை விட்டுவிட்டால் எண்ணிக்கை அவர்கள் விரும்பியபடி வரும்.

சாதாரண எழுத்துமூலக் கேள்விக்கு ஒரு வாரத்துக்குள் விடை என்பது வழக்கம். சட்டமல்ல, பிந்துவதும் உண்டு. விடை வரவேண்டிய திகதியை எம்.பி.யே குறித்துப் போடும் கேள்வி என்று ஒரு வகை இருக்கிறது, ஓர் எம்.பி. நாளுக்கு ஐந்துதான் போடலாம். அதற்கும் சில வேளை குறித்த நாளில் 'இயன்றளவு விரைவில் பதிலளிப்பேன்' என்ற இடைக்காலப் பதில் வந்து நிற்கும். விடை தேட 850 பவுணுக்கு மேல் செலவாகும் என்றால் அமைச்சர் மறுக்கலாம். அப்படி மறுத்தால் கேள்வியை ஒரே மருத்துவமனைக்கும் ஒரே வருடத்துக்கும் குறுக்கித் திரும்பப் போடலாம். தகவல் கோரிக்கையை நான் இந்தக் கட்டத்துக்குத்தான் வைத்திருப்பேன்: விடையில் ஓர் எண் வந்ததும், அந்த எண் எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்று கேட்டு ஒரு மின்னஞ்சல். 'பதிவில் இல்லை' என்று சொல்ல அப்போது இடமில்லை.

குறையும் இருக்கிறது. எல்லாம் உங்கள் எம்.பி.யின் அலுவலகத்தைப் பொறுத்தது. சில அலுவலகங்கள் சுறுசுறுப்பு, சிலவற்றுக்கு மூன்றுதரம் நினைவூட்டவேண்டும். ஆளுங்கட்சி எம்.பி. தன் அமைச்சரைச் சங்கடப்படுத்தும் கேள்வியை மென்மையாக்கக்கூடும். உங்கள் எம்.பி.யே அமைச்சராக இருந்தால் கேள்வி போடமாட்டார், சக அமைச்சருக்குக் கடிதம் மட்டும் எழுதுவார். அமைச்சர் எம்.பி.க்கு எழுதும் கடிதம் பொதுவாக வெளியிடப்படுவதில்லை என்பதால் பாதிப் பலன்தான். அப்போது பாராளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை உறுப்பினர் ஒருவருக்கு எழுதுங்கள். அவர்களுக்குத் தொகுதி கிடையாது, அஞ்சல் குறியீடு கேட்கமாட்டார்கள். அங்கே விடைக்கு 10 வேலைநாள். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மருத்துவமனைகள் என்றால் லண்டன் பாராளுமன்றத்தில் கேட்டுப் பயனில்லை, அந்தந்தச் சபை உறுப்பினரிடம்தான் போகவேண்டும்.

எழுதும் நாளையும் பாருங்கள். ஜூலை கடைசியில் சபை கோடை விடுமுறைக்குப் போனால் செப்டெம்பரில்தான் கூடும். ஜூன் முதல் வாரத்தில் கடிதம் போனால் எம்.பி. அலுவலகத்துக்கு இரண்டு வாரம், கேள்விக்கு ஒரு வாரம், பதில் மழுப்பலாக வந்தால் திருத்திக் கேட்க இன்னும் மூன்று வாரம் கையில் இருக்கும்.