மேவரிக்: ஒரு சொல்லை வைத்து ஓர் இணைய அகராதிக்கு மதிப்புரை

ஆங்கிலச் சொற்களின் பிறப்பை ஆராய விரும்புவோருக்காக டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் தொகுத்துவரும் ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி, கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கும் நம்பகமான இணைய அகராதிகளுள் ஒன்று. எவருக்கும் கட்டுப்படாமல் தன் போக்கில் நடப்பவரைக் குறிக்கும் 'மேவரிக்' என்ற சொல்லுக்கான பதிவைப் படித்தாலே அதன் நிறையும் குறையும் விளங்கிவிடும்.

பதிவு சில வரிகளே. உரிமையாளரின் சூட்டுக்குறி இல்லாத கன்றை இச்சொல் 1867-இல் குறித்தது. டெக்சாஸைச் சேர்ந்த சாமுவேல் மேவரிக்கின் (1803–1870) பெயரே அதற்கு மூலம். 1886-இல் அது மனிதருக்கும் வழங்கலாயிற்று. எசமானன் இல்லாதது என்ற கருத்தே கன்றுக்கான பெயரை மனிதருக்கு உரியதாக்கியது என்பதை ஒற்றைத் தொடரில் உணர்த்திவிடும் சிக்கனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அந்தச் சிக்கனத்தால் மேவரிக் என்ற மனிதர், கன்றுகளுக்குச் சூடு போடுவதில் அசட்டையாக இருந்தவர் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார். வழக்கறிஞரான அவருக்கு நாட்டமெல்லாம் நிலம் வாங்குவதில்தான் இருந்தது. 1840-களில் தமக்கு வரவேண்டிய கடனுக்கு ஈடாக ஏறத்தாழ 400 மாடுகளைப் பெற்றுக்கொண்ட அவர், டெக்சாஸ் கடற்கரையிலுள்ள மட்டகோர்டா தீபகற்பத்தில் அவற்றைப் பிறர் பொறுப்பில் விட்டுவைத்தார். அங்கே குறியின்றித் திரிந்த கன்றுகளைக் கண்டவர்கள் 'இது மேவரிக்குடையது' என்று சொல்லத் தொடங்கினர். குறியில்லாத மாடுகள் அனைத்தையும் தமதாக்கிக்கொள்ளவே அவர் சூடு போடவில்லை என்ற கதையும் உலவுகிறது. ஆனால் 1856-இல் மந்தையையே விற்றுவிட்டவருக்கு அப்படியொரு பேராசை இருந்ததாகத் தோன்றவில்லை. மெக்சிகோவிடமிருந்து பிரிந்த டெக்சாஸின் விடுதலைப் பிரகடனத்தில் 1836-இல் கையெழுத்திட்டவர்களுள் அவரும் ஒருவர் என்றாலும், மரபை மீறுவோரின் பெயராக இன்று நிற்கும் இச்சொல் அந்தக் கலகத்திலிருந்து பிறக்கவில்லை, மாடுகள்மேல் அவருக்கிருந்த அக்கறையின்மையிலிருந்தே பிறந்தது. இந்த நகைமுரணுக்குப் பதிவில் இன்னும் இரண்டு வரி ஒதுக்கியிருக்கலாம்.

(அவருடைய பேரன் மோரி மேவரிக் 1944-இல் அரசு அலுவலகங்களின் புரியாத மொழிநடையைச் சாட 'காபில்டிகூக்' என்ற சொல்லை உருவாக்கினார், அதற்கும் இந்த அகராதியில் இடமுண்டு.)

ஒரு சொல்லின் காலத்தையும் பொருள் நகர்ந்த திசையையும் விரைந்து அறிய இந்த அகராதி போதும். ஒவ்வொரு பொருளுக்கும் பழைய நூல்களிலிருந்து தேதியிட்ட மேற்கோள்கள் வேண்டுவோர், சந்தா செலுத்தியேனும் ஆக்ஸ்ஃபர்டு ஆங்கிலப் பேரகராதியை நாடுவதே நல்லது.