வளைவுப் படிக்கட்டு: கான்கிரீட்டில் வார்ப்பதா, இரும்பில் செய்து மாட்டுவதா?

ஹாலில் வளைந்து ஏறும் படிக்கட்டு வேண்டும் என்று சொன்ன உடனே கொத்தனார், "கான்கிரீட்லயே போட்டுடலாம் சார், சென்ட்ரிங் மட்டும் கொஞ்சம் கூட ஆகும்" என்பார். சென்ட்ரிங் என்றால் கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டும். வெல்டிங் பட்டறைக்காரர் இரும்புச் சட்டம் செய்து, மேலே மரப்பலகை மாட்டித் தருவதாகச் சொல்வார். வீட்டுக்கு உள்ளே என்றால் என் ஓட்டு இரும்புக்குத்தான். பார்க்க அழகு என்பதற்காக இல்லை. சட்டத்தின் விலைக்காகவும் இல்லை. கான்கிரீட் படியில் வார்ப்பு முடிந்த பிறகு வருகிற கல் பதிப்பும் கைப்பிடியும்தான் காரணம்.

நடுவில் ஒரு தூணை வைத்துச் சுற்றி ஏறும் சுருள் படி இங்கே கணக்கில் இல்லை. அது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போக உதவும். பீரோவையும் கட்டிலையும் அதில் ஏற்ற முடியாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வேலை கணக்குதான். கீழ்த்தளத்து டைல் மட்டத்திலிருந்து மேல்தளத்து டைல் மட்டம் வரை 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 7 அங்குல உயரத்தில் 18 ஏற்றம். கடைசி ஏற்றம் மேல்தளத்திலேயே முடிவதால் கால் வைக்க 17 மிதி. படியின் அகலம் 3½ அடி, உள்வளைவின் ஆரம் 4 அடி, வெளிவளைவின் ஆரம் 7½ அடி என்று அரைவட்டமாகப் போட்டால், நடுவில் நடக்கும் கோட்டில் ஒவ்வொரு மிதிக்கும் 12¾ அங்குலம் கிடைக்கும். உள்முனையில் 9 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, வெளிமுனையில் 16½ அங்குலம். ஏற மிகச் சுகமான படி இது. ஆனால் 15 அடிக்கு 7½ அடி இடம் வேண்டும்.

"10 அடிக்கு 5 அடியில அடக்கிடலாம்" என்று யாராவது சொன்னால் உள்முனையை அளந்து காட்டச் சொல்லுங்கள். உள் ஆரம் 1½ அடிக்கு இறங்கிவிடும். உள்முனையில் 3¼ அங்குலம், நடுக்கோட்டிலேயே 7¼ அங்குலம்தான் மிஞ்சும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்குக் கேட்பது குறைந்தது 250 மில்லிமீட்டர் மிதி, அதிகபட்சம் 190 மில்லிமீட்டர் உயரம். அவ்வளவு இடம் இல்லாத வீட்டுக்கு வளைவுப் படி வேண்டாம். லேண்டிங் வைத்துத் திரும்பும் சாதாரணப் படியே போதும்.

படி எண்ணிக்கையை லாபம், நஷ்டம் என்று எண்ணிப் பார்க்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் வரைபடம் போடும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. வலப்பக்கம் சுற்றி ஏறுவதா, இடப்பக்கமா என்பதும் அப்படியே. இரும்பு வெட்டிய பிறகு திசையை மாற்றச் சொன்னால் மொத்தமும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

இனி கான்கிரீட். வலுவில் குறை சொல்ல முடியாது. அதிராது, சத்தம் வராது, கரையானோ துருவின் தொல்லையோ இல்லை. மேலே சொன்ன அளவுக்கு 8 அங்குல ஸ்லாபில் வார்த்தால் ஏறக்குறைய 1.9 கனமீட்டர் கான்கிரீட் பிடிக்கும். எடை 4½ டன்னைத் தாண்டும். இந்த எடை நேராகக் கீழே இறங்காமல் படியை முறுக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். சாதாரணப் படிக்குக் கட்டுவதுபோல அடியில் மட்டும் கம்பி போட்டால், மேல் முனையில் பீமோடு சேரும் இடத்தில் மேற்புறமாக விரிசல் விடும். மேலும் கீழும் கம்பி, அவற்றைச் சுற்றி மூடிய வளையம், இரு முனையிலும் உள்ளே நீளமாகப் போகும் பிடிப்பு எல்லாம் வேண்டும். இதைக் கட்டமைப்புப் பொறியாளர் வரைந்து தர வேண்டும், கம்பி கட்டுபவரின் அனுபவத்துக்கு விடக்கூடாது. முட்டுகளை 21 நாள் வரை தொட வேண்டாம்.

அதுவரை சமாளித்துவிடலாம். சிக்கல் தொடங்குவது கல் பதிக்கும்போதுதான். தரையில் டைலும் கலவையும் சேர்ந்து 3 அங்குலம், மேல்தளத்தில் 2 அங்குலம், படியில் கிரானைட்டும் கலவையும் 1½ அங்குலம் ஏறும் என்றால், கான்கிரீட் மட்டத்தில் முதல் படி 8½ அங்குலமாகவும், இடையில் உள்ளவை 7 ஆகவும், கடைசி 6½ ஆகவும் இருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் மொத்த உயரத்தை 18 ஆல் வகுத்து ஒரே அளவாக வார்த்துவிடுகிறார்கள். கல் பதித்து முடித்ததும் முதல் படி 5½ அங்குலமும் கடைசிப் படி 7½ அங்குலமும் ஆகிவிடும். கால் அங்குல வித்தியாசத்தையே பாதம் கண்டுகொள்ளும். இரண்டு அங்குலத்துக்கு ஆள் தடுக்கி விழுவார். வார்த்த கான்கிரீட்டைக் கொத்தித் திருத்துவதை விட்டால் வழி கிடையாது.

இது நேர்ப்படிக்கும் உள்ள வம்புதான் என்றாலும், வளைவில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். வட்டத்தின் மையத்தில் ஒரு குழாயைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்தி, அதிலிருந்து சட்டத்தைச் சுழற்றி ஒவ்வொரு படியையும் குறித்தால்தான் கோணம் சரியாக வரும். அப்படிச் செய்யாமல் முந்தைய படியிலிருந்து டேப் பிடித்து அளந்துகொண்டே போனால், படிக்குக் கால் அங்குலப் பிசகு 17 படியில் நாலு அங்குலத்துக்கு மேல் வந்து நிற்கும். மேலே கடைசி இரண்டு படிகள் மட்டும் குறுகி இருந்தால் காரணம் இதுதான்.

மிதிகள் இப்படி ஒன்றுக்கொன்று சற்று மாறிவிட்டால், ஒரே அட்டையை வைத்து எல்லாக் கல்லையும் வெட்ட முடியாது. ஒவ்வொரு படிக்கும் தனியாக ஹார்ட்போர்டில் அளவு அட்டை வெட்டி, எண் எழுதி, கல் வெட்டுபவரிடம் தர வேண்டும். ஒரு கல் பின்னால் உடைந்தாலும் அதே கதை. சுவரின் அடியோரம் ஒட்டும் கல் பட்டையான ஸ்கர்ட்டிங்கை வைக்கும்போது பாருங்கள்: 7½ அடி ஆர வளைவில் 16½ அங்குல நேர்க்கல்லை ஒட்டினால் நடுவில் 10 மில்லிமீட்டர் சந்து நிற்கும். கல் வளையாது. துண்டு துண்டாக வெட்டி ஒட்டலாம், அல்லது சந்தில் கலவையை அடைத்து பெயின்ட் அடிக்கலாம். இரண்டுமே கண்ணுக்குத் தெரியும்.

கைப்பிடி இதைவிட மோசம். ஸ்டீல் குழாய் ஒரே நேரத்தில் வளையவும் வேண்டும், ஏறவும் வேண்டும். படி ஒரே சீராக இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே இரண்டடித் துண்டுகளாக வெல்டு வைத்துக்கொண்டே போவார்கள். பாலிஷ் போட்டாலும் ஒவ்வொரு மூட்டும் கையில் தட்டும். கண்ணாடி ரெயிலிங் ஆசை இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். டஃபன் செய்த, அதாவது சூடேற்றி வலுவாக்கிய கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது. கான்கிரீட்டின் பிசகுக்கு ஏற்ப ஒவ்வொரு பேனலும் தனி அளவில், வளைத்தே வர வேண்டும்.

இரும்பில் இந்தத் தொல்லைகளில் பாதி பிறப்பதே இல்லை. தரை மட்டங்கள் முடிவான பிறகு அளவெடுத்து, வரைபடத்திலிருந்து லேசரில் வெட்டுவதால் 17 மிதியும் ஒரே அச்சு. ஒரு பலகை பழுதானால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி, அதே அளவில் இன்னொன்றை மாட்டலாம். கைப்பிடிக் கம்பிகளுக்கான துளைகளும் முன்பே வந்துவிடும். வெளிப்பக்கம் மிதிக்கு நாலு, உள்பக்கம் இரண்டு என்று 16 மில்லிமீட்டர் கம்பி வைத்தால் இடைவெளி 4 அங்குலத்துக்குள் நிற்கும். குழந்தையின் தலை நுழையாது.

12 மில்லிமீட்டர் கனம், 300 மில்லிமீட்டர் உயரத்தில் படிகளை இருபுறமும் தாங்கும் இரண்டு பக்க பிளேட்டுகள், மிதிக்கு 6 மில்லிமீட்டர் தகடு, மேலே 38 மில்லிமீட்டர் தேக்குப் பலகை. எல்லாம் சேர்த்து ரெயிலிங் இல்லாமல் 800 கிலோவுக்குள்தான் வரும். பட்டறையைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: பக்க பிளேட்டை ரோலரில் எப்படி உருட்டி வளைப்பீர்கள்? நேராக உருட்டினால் வெறும் வட்டம்தான் வரும். சாய்வாகக் கொடுக்க வேண்டும். அதிலும் நம் அளவுக்கு வெளி பிளேட்டின் சாய்வு 23 டிகிரி, உள் பிளேட்டுக்கு 38. இரண்டுக்கும் ஒரே சாய்வு சொல்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இரும்பின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது அதிர்வு. சுவரைத் தொடாமல் அரைவட்டமாக நிற்கும் சட்டம் நடுவில் லேசாகத் துள்ளும். வெளி பிளேட்டைச் சுவரோடு மூன்று நாலு இடங்களில் போல்ட் போட்டால் அடங்கிவிடும். அது முடியாத இடத்தில் அடிப்புறத்தையும் தகட்டால் மூடி வெல்டு வைத்துப் பெட்டிபோல ஆக்கினால் முறுக்கம் வெகுவாகக் குறையும். அடிமுனையை டைல் மேல் நிறுத்தக் கூடாது. டைலுக்குக் கீழே தனிக் கான்கிரீட் பிடிமானம் வேண்டும்.

அடுத்தது சத்தம். பலகைக்கும் தகட்டுக்கும் நடுவில் ரப்பர் பட்டை வைக்காவிட்டால் மூன்றாவது மாதமே கிறீச்சிடும். திருகுத் துளைகளை நீளவாக்கில் விட வேண்டும். மரம் மழைக்காலத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். அதற்கு இடம் இல்லாவிட்டால் பலகை வெடிக்கும்.

துருவும் உண்டு. கடலோரம் அல்லாத ஊர்களில் எபாக்ஸி பிரைமரும் மேலே பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட்டும் போதும். வெறும் ரெட் ஆக்ஸைடு அடித்து முடித்தால், தரை துடைக்கும் தண்ணீர் தங்கும் முதல் படியின் அடியில்தான் கொப்புளம் கிளம்பும். கிழக்குக் கடற்கரைச் சாலை, தூத்துக்குடி மாதிரிக் கடலோரத்தில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து துத்தநாக பிரைமர் அடித்தால்தான் தாங்கும். வெயிலும் மழையும் படும் வெளிப்புறப் படியாக இருந்தால் நானும் கான்கிரீட்டுக்கே போவேன்.

முழுக்கத் தேக்கிலேயே வளைவுப் படி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். மெல்லிய பட்டைகளை ஒட்டி வளைத்துப் பக்கச் சட்டம் செய்யும் வேலை அது. நான் பார்த்தவை மிகக் குறைவு என்பதால் நல்லது கெட்டது சொல்லத் துணியவில்லை. பணம் அதிகம் பிடிக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

இரும்புக்கு ஆர்டர் கொடுக்கும்போது கிலோ கணக்கில் விலை பேசினால் பிளேட் தேவையில்லாமல் தடித்துக்கொண்டே போகும். வரைபடத்தில் பிளேட் கனம், படி உயரம், டைல் மட்டம் எல்லாவற்றையும் எழுதி, மொத்த விலையாகப் பேசுங்கள். பட்டறையிலேயே ஒருமுறை முழுசாகக் கோத்துக் காட்டிய பிறகு இரண்டாம் தவணை என்று வைத்தால், அளவுப் பிசகு அங்கேயே தெரிந்துவிடும். சட்டம் இரண்டு மூன்று துண்டாக வரும். 3½ அடி வாசலில் நுழையாது. பால்கனிப் பக்கம் திறப்பு இருக்கும்போதே, ஜன்னல் கிரில் மாட்டும் முன்பே உள்ளே இறக்கிவிட வேண்டும். மாட்டும் நாளில் டைல், ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் ஈரச் சாக்கால் மூடச் சொல்லுங்கள். கிரைண்டர் பொறி பட்ட கண்ணாடியில் விழும் புள்ளிகள் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.