கேரவன் சிங்க் குழாய் ஒழுகினால்: வாஷரா, ஸ்பிண்டிலா, புதுக் குழாயா?

வீட்டில் குழாய் சொட்டினால் கீழே ஒரு சொம்பை வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். கேரவனில் அது நடக்காது. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலே நாளொன்றுக்கு நாலு லிட்டருக்கு மேல் போய்விடும். 100 லிட்டர் டேங்கில் அது பெரிய ஓட்டை. சொட்டுவதற்கேற்ப 12 வோல்ட் பம்ப் தானாக 'டுர்ர்' என்று ஓடி நிற்கும். ஏற்காட்டில் ராத்திரி ஊர் அடங்கிய பிறகு அந்தச் சத்தம் தூங்க விடாது, பேட்டரியும் இறங்கும்.

இன்னொரு வித்தியாசத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. மொட்டைமாடி டேங்க் குழாயைவிட 20 அடி உயரத்தில் இருந்தாலும் அழுத்தம் 9 பிஎஸ்ஐயைத் தொடாது. கேரவன் பம்ப் பெரும்பாலும் 35 முதல் 55 பிஎஸ்ஐ வரை தள்ளிவிட்டுத்தான் நிற்கும். வீட்டில் இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருக்கக்கூடிய தேய்ந்த வாஷர் இங்கே ஒரு நாள்கூடத் தாங்காது. சேலத்திலிருந்து கோரிமேடு, அடிவாரம் வழியாக ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் குலுக்கல் அதற்கு மேல்.

எதை வாங்குவது என்பதை ஒழுகும் இடம்தான் சொல்லும். பம்பைப் போட்டு, குழாயை மூடி, எல்லா இணைப்பையும் துடைத்துவிட்டு அடியில் டிஷ்யூ பேப்பர் வையுங்கள். குழாய் வாயில் சொட்டினால் உள்ளே அடைக்கும் பாகம் போயிருக்கிறது. திருப்பும் கழுத்தின் அடியில் தண்ணீர் கசிந்தால் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம். சிங்குக்குக் கீழே டிஷ்யூ நனைந்தால் ஓஸ் இணைப்பு. குழாயைக் கழற்றவே வேண்டாம். எங்கும் ஈரமில்லாமல் பம்ப் மட்டும் அவ்வப்போது ஓடுகிறதா? பம்பின் உள்வால்வு தண்ணீரை டேங்குக்கே திருப்பி விட்டுக்கொண்டிருக்கலாம். குழாய் மேல் பழி போடாதீர்கள்.

வாஷர் மாற்றுவதுதான் மலிவு, ஒரு டீ விலைகூட ஆகாது. ஆனால் நாலைந்து சுற்று சுற்றித் திறக்கும் பழைய மாதிரிக் குழாய்க்குத்தான் இது பொருந்தும். கைப்பிடியோடு திரும்பித் தண்ணீரை அடைக்கும் தண்டான ஸ்பிண்டிலைக் கழற்றியதும் சுண்டுவிரலை விட்டு உள்ளே வாஷர் உட்காரும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் புது வாஷர் நிற்கும். சொரசொரப்பாகவோ பள்ளமாகவோ இருந்தால் புது ரப்பரையும் அது சீக்கிரமே அறுத்துவிடும். மேக்னசைட் தாது வெட்டும் ஊர்ப்பக்கம் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு விடும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த விளிம்பில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தால் வெள்ளை வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் திணித்து வைத்துத் துடையுங்கள். கத்தியால் சுரண்டினால் கோடு விழும், கதை முடிந்தது.

கால் திருப்பில் மூடும் குழாய் என்றால் உள்ளே வாஷர் கிடையாது, இரண்டு செராமிக் தட்டுதான். இதற்கு ஸ்பிண்டிலையே முழுதாக மாற்றுவதுதான் சரி. விலை வாஷரைவிடப் பல மடங்கு என்றாலும் புதுக் குழாயில் சின்னப் பங்குதான். வேலையும் கால் மணி நேரம். பம்ப் ஸ்விட்சை அணையுங்கள், வெளியிலிருந்து தண்ணீர் ஓஸ் மாட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள். குழாயைத் திறந்து மிச்ச அழுத்தத்தை விடுங்கள். சிங்க் ஓட்டையைத் துணியால் அடைத்துவிடுங்கள். கைப்பிடிக்குள் இருக்கும் குட்டித் திருகு உள்ளே விழுந்தால் அன்றைய பொழுது அதைத் தேடுவதிலேயே போகும். கைப்பிடியின் மூடியை நெம்பி, திருகைக் கழற்றி, ஒரு கையால் குழாய் உடம்பை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் ஸ்பிண்டிலை இடப்பக்கம் திருப்புங்கள். பிடிக்காமல் முறுக்கினால் மெல்லிய சிங்க் தகடே வளையும்.

கழற்றியதைக் கடைக்கு எடுத்துப்போவதுதான் புத்திசாலித்தனம். 'அரை இஞ்ச்' என்று வாயால் சொன்னால் போதாது. கைப்பிடி உட்காரும் பல் 20-ஆ 24-ஆ, தண்டு எவ்வளவு நீளம் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். சூடும் குளிரும் ஒரே கைப்பிடியில் கலக்கும் ஒற்றை லீவர் மிக்சர் என்றால், ஸ்பிண்டிலுக்குப் பதில் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜின் விட்டம் 35 மில்லிமீட்டரா 40-ஆ என்று அளக்க வேண்டும். இந்த வேலையை சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கமே முடித்துவிடுங்கள், மலை ஏறிய பிறகு தேட வேண்டாம். புது ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். நம்மவர்கள் எதற்கும் தேங்காய் எண்ணெயைத்தான் எடுப்பார்கள். ஏற்காட்டுக் குளிரில் அது உறைந்து கைப்பிடியை இறுக்கும். வண்டி கிரீஸ் சில வகை ரப்பரை உப்ப வைத்துவிடும்.

செராமிக் சீக்கிரம் போவதற்குப் பெரும்பாலும் டேங்க் மணல்தான் காரணம். தட்டுகளுக்கு நடுவே ஒரு துகள் மாட்டினால் போதும், ஒவ்வொரு திருப்பிலும் கோடு போடும். பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியைக் கழுவாமல் ஸ்பிண்டிலை மட்டும் மாற்றினால் அதே செலவு திரும்ப வரும்.

குழாயையே மாற்றுவதென்றால் பிளாஸ்டிக்கா பித்தளையா என்ற கேள்வி வரும். கேரவனுக்கென்றே செய்யும் பிளாஸ்டிக் குழாய் எடை குறைவு, சிங்குக்குப் பாரமில்லை. ஆனால் உடம்பில் விரிசல் விட்டால் ரிப்பேர் கிடையாது. வெளியே எம்-சீல் அப்புவது அன்று ராத்திரியைக் கடத்த மட்டும்தான். கடையில் எளிதில் கிடைக்கும் பித்தளை வீட்டுக் குழாய் பல வருஷம் உழைக்கும், ஸ்பிண்டிலும் எங்கேயும் கிடைக்கும். என் ஓட்டு பித்தளைக்கே. ஆனால் மூன்று இடத்தில் ஏமாறலாம்.

முதலாவது மரை. அமெரிக்க வண்டியின் அரை இஞ்ச் இணைப்பும் நம்மூர் அரை இஞ்சும் அங்குலத்துக்கு 14 மரைதான். ஆனால் மரையின் கோணம் 60 டிகிரி, 55 டிகிரி என்று மாறும். இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், அப்புறம் கடிக்கும் அல்லது ஆடும். டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் ஒழுகும். ஓஸையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, சில ஐரோப்பிய வண்டிகளில் குழாய்க்குள்ளேயே குட்டி ஸ்விட்ச் இருக்கும். திறந்தால்தான் டேங்குக்குள் இருக்கும் பம்ப் ஓடும். அடியில் இரண்டு மெல்லிய ஒயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வீட்டுக் குழாயை மாட்டிப் பயனில்லை, பம்ப் ஓடாது.

மூன்றாவது எடை. அன்னக்கழுத்து மாதிரி உயர்ந்த குழாய் வளைவுக்கு வளைவு ஆடி, அடி நட்டைத் தளர்த்தும். கழுத்து குட்டையானதை வாங்கி, சிங்குக்குக் கீழே 12 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு ஒன்றைத் துளையிட்டு வைத்து முறுக்குங்கள். சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்பை நேராகக் குழாயில் ஒட்டக் கூடாது, குலுக்கலில் அதன் வளைவு இணைப்பு (எல்போ) விரிசல் விடும். கம்பி பின்னிய ஓஸ்தான் வேண்டும். அந்த ஓஸ் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருப்பதால் டேப் சுற்றத் தேவையில்லை. கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று. அதற்கு மேல் போனால் ரப்பர் நசுங்கி மறுபடி ஒழுகும்.

மாட்டியதும் பம்பைப் போட்டு, குழாயை மூடி, கால் மணி நேரம் காது கொடுங்கள். பம்ப் ஒரு தடவைகூட ஓடக் கூடாது. ஒருமுறை மலை ஏறி இறங்கிய பிறகு டிஷ்யூவை மறுபடி வைத்துப் பாருங்கள், அடி நட்டு கையில் திரும்புகிறதா என்றும் பாருங்கள்.