ஹோம் ஆபீஸ் இன்டீரியர் செய்துகொள்பவர்களே, லேமினேட் ஒட்டும் முன் பலகையைப் பாருங்கள்

வீட்டில் ஓர் அறையை ஆபீஸாக மாற்ற இன்டீரியர் டெக்கரேட்டரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். சென்னையில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

நான் வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். நீளமான மேஜை, அதன் மேலே கப்போர்டு, சுவரோரம் ஃபைல் அலமாரி, நாலு புது பிளக் பாயின்ட். நாங்கள் கேட்டது அவ்வளவுதான். டெக்கரேட்டர் கையளவு பலகைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, எங்கள் வாளித் தண்ணீரிலேயே போட்டுக் காட்டினார். அதில் ஐஎஸ்ஐ முத்திரையும் 710 என்ற எண்ணும் தெளிவாக இருந்தன. "மரைன் பிளை மேடம், இருபது வருஷத்துக்கு அசையாது" என்றார். மரைன் பிளை என்பது தண்ணீரைத் தாங்கும் பிளைவுட். ஆனால் கொட்டேஷனில் "வாட்டர்ப்ரூஃப் பிளை" என்று மட்டும்தான் இருந்தது. பிராண்ட், கிரேடு, தடிமன் எதுவும் இல்லை. கேட்டதற்கு, எல்லாம் பில்லில் வரும் என்றார். இன்றுவரை பில் வரவில்லை.

கப்போர்டு, அலமாரிப் பெட்டிகள் அவருடைய பட்டறையிலிருந்து லேமினேட் (பலகை மேல் ஒட்டும் அலங்காரத் தகடு) ஒட்டி, ஓரமெல்லாம் மூடித்தான் வந்து இறங்கின. பார்க்க அழகாக இருந்தன. அடுத்த மழைக்காலத்தில் அலமாரியின் அடிப்பலகை உப்பியது. பிறகு ஒரு கதவு கீல் ஸ்க்ரூவோடு கையில் வந்தது. ஸ்க்ரூ இருந்த ஓட்டையிலிருந்து பழுப்பு நிறத் தூள் கொட்டியது. ஃபோன் செய்தால், "ஈரத் துணியால துடைச்சிருப்பீங்க மேடம்" என்று பழியை எங்கள் மேலேயே போட்டார்.

தெரிந்த ஆசாரி ஒருவரை வரச்சொன்னோம். அவர் பலகையின் ஓரத்தை மூடும் பட்டையை (எட்ஜ் பேண்ட்) உளியால் நெம்பி எடுத்து, விரலால் தேய்த்துக் காட்டினார். பிளைவுட்டின் ஓரத்தில் மெல்லிய மரத்தாள்கள் அடுக்கடுக்காகத் தெரியும். இங்கே பசை போட்டு அழுத்திய மரத்துணுக்குகள்தான் இருந்தன. "அம்மா, இது பிளைவுட்டே இல்ல. பார்ட்டிகிள் போர்டு. ஸ்க்ரூ ஒரு தடவை புடுங்கிட்டா மறுபடி பிடிக்காது" என்றார். மேஜையின் மேற்பலகை மட்டும் பிளை. அதன் அடியில், லைனிங் ஒட்டாத மூலையில் 303 என்ற முத்திரை இருந்தது. அது பொது உபயோக பிளைக்கான எண். மரைன் பிளைக்கு 710 தான்.

பார்ட்டிகிள் போர்டே கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. ஈரம் படாத இடத்தில், அதற்குரிய விலையில் வாங்கினால் உழைக்கும். மரைன் பிளையின் விலையை வாங்கிக்கொண்டு அதை ஒளித்துவைத்ததுதான் மோசடி.

இதைவிட என்னைப் பயமுறுத்தியது வயரிங். சார்ஜர் சொருகியிருக்கும்போது லேப்டாப்பின் மெட்டல் மூடியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கும். எலக்ட்ரீஷியன் கழற்றிப் பார்த்தார். புது பிளக் பாயின்ட் ஒன்றில்கூட எர்த் வயர் இணைக்கப்படவில்லை. என் பையன் ஆன்லைன் வகுப்புக்கு உட்காருவதும் அதே மேஜையில்தான்.

அதனால் வேலை கொடுப்பதற்கு முன்பே பிராண்ட், ஐஎஸ் எண் (710, 303 போன்ற தர எண்), மில்லிமீட்டர் கணக்கில் தடிமன் எல்லாவற்றையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். சொல்ல மறுப்பவரிடம் வேலையே கொடுக்காதீர்கள். முடிந்தால் பலகையை முழு ஷீட்டாக, எட்டடிக்கு நாலடியாக, வீட்டுக்கே வரவழைத்து, உங்கள் கண்ணெதிரே அறுக்கச் சொல்லுங்கள். பட்டறையில்தான் செய்வோம் என்றால், லேமினேட் ஒட்டும் முன் போய்ப் பாருங்கள். முத்திரைக்குப் பக்கத்தில் சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கும். அதை ஐஎஸ்ஐ முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள். கடைசித் தவணைக்கு முன் வேறு ஓர் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் சோதித்துவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தோம். அதன்பிறகுதான் டெக்கரேட்டர் இறங்கிவந்து, கதவுகளை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றார். உள்ளே பெட்டி முழுக்க அதே பலகை என்பதால் மறுத்துவிட்டோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஆசாரி பிரித்தெடுத்த துண்டு, வாட்ஸ்அப்பில் டெக்கரேட்டர் "710 மரைன்" என்று எழுதிய மெசேஜ், பணம் அனுப்பிய ரசீதுகள் எல்லாம் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டு மனு தயாராகிறது.