லண்டன் கூரைக்கு எந்த ஏரியல்? லாக் பீரியாடிக் வாங்கலாமா?

தமிழ் நிகழ்ச்சிகளை இணையப் பெட்டியில் பார்க்கும் வீட்டிலும் பிபிசி, ஐடிவி, சேனல் 4 பார்க்க, ஏரியல் வழியே வரும் ஃப்ரீவியூ சேவை வேண்டியிருக்கிறது. லைசன்ஸ் கட்டணத்துக்கு மேல் மாதச் சந்தா எதுவும் இல்லை. ஏரியல் மட்டும் சரியாக இருந்தால் போதும். அதை வாங்கப் போனால் பெட்டிக்குப் பெட்டி 'டிஜிட்டல்', 'ஹெச்டி', '4கே' என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்தச் சொற்களைப் பொருட்படுத்த வேண்டாம். டிஜிட்டலுக்கென்று தனி ஏரியல் கிடையாது. எந்த அலைவரிசை, எந்தத் திசை, எவ்வளவு பலம் என்பதுதான் கணக்கு. நல்ல நிலையில் இருக்கும் பழைய ஏரியல் சரியான அலைவரிசைக்கு உரியதென்றால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

லண்டனின் பெரும்பகுதிக்கு நிலையம் ஒன்றுதான்: கிரிஸ்டல் பேலஸ் கோபுரம். அதன் ஆறு முக்கிய மல்டிபிளெக்ஸ்களும் (பல நிகழ்ச்சிச் சேனல்களைச் சேர்த்துக் கட்டிய அலைத் தொகுப்புகள்) யூஎச்எஃப் எனும் டிவி அலைப்பட்டையில் 22, 23, 25, 26, 28, 30 ஆகிய எண்ணுள்ள அலைச் சேனல்களில் வருகின்றன. அதிர்வெண்ணில் சொன்னால் 482 முதல் 546 மெகாஹெர்ட்ஸ் வரை. யூஎச்எஃப் பட்டையின் அடிப்பகுதி இது. ஏரியல் வாங்குகிறவர் வேறெதையும் விட இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால், கடையில் அதிக விலைக்குக் கிடைக்கும் 'ஹை கெயின்' ஏரியல்கள் பலவும் பழைய அகலப்பட்டை யாகி (ஒற்றைத் தண்டில் குறுக்குக் கம்பிகள் வரிசையாக நிற்கும் ஏரியல்) வகை. அவற்றின் ஏற்புத்திறன் (கெயின், அதாவது சிக்னலை வாங்கும் பலம்) பட்டையின் மேல்முனையில், அதாவது சேனல் 60-ஐ ஒட்டித்தான் உச்சத்தில் இருக்கும். கீழே இறங்க இறங்கக் குறையும். பெட்டியில் அச்சிடுவது அந்த உச்ச எண்ணைத்தான். பிரிட்டனில் 2020-க்குப் பிறகு டிவிக்கு மிச்சம் இருப்பது சேனல் 21 முதல் 48 வரை மட்டுமே. அதற்கு மேலே இப்போது கைபேசி அலைகள். ஆக, அந்த ஏரியல் மிக நன்றாக வாங்குவது கைபேசிக் கோபுரத்தின் சிக்னலை. உங்களுக்கு வேண்டிய 22–30-இல் அது சுமார்தான். '100 எலிமென்ட்' (குறுக்குக் கம்பி) என்பதிலும் ஏமாற வேண்டாம். எக்ஸ் வடிவத் துண்டு ஒன்றையே நான்காக எண்ணித்தான் அந்தக் கணக்கு வருகிறது. போதாததற்கு அதன் நீளமும் பருமனும் காற்றை வாங்கிப் புகைபோக்கிக் கட்டையே ஆட்டும்.

லாக் பீரியாடிக் இதற்கு நேர்மாறு. ஒரு மீட்டர் அளவுள்ள இரட்டைத் தண்டு, அதன் இருபுறமும் குறுக்குக் கம்பிகள். முன்னே சிறியது, பின்னால் போகப் போகப் பெரியது. பின்பக்கக் கம்பி ஏறக்குறைய பள்ளிக்கூட ஸ்கேல் நீளம், 30 சென்டிமீட்டர் இருக்கும். 482 மெகாஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளம் 31 சென்டிமீட்டர் என்பதால்தான் அந்த அளவு. ஏற்புத்திறன் 7–8 டெசிபெல்தான் (டெசிபெல் என்பது சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு), ஆனால் பட்டை முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும். பக்கவாட்டிலும் பின்னாலும் வரும் தேவையற்ற சிக்னலை நன்றாகத் தள்ளிவிடும். ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, ஹாரோ, க்ராய்டன் பக்கத்துச் சாதாரண வீட்டுக் கூரைக்கு இதுவே எங்கள் தேர்வு. கட்டடமோ மேடோ மறைத்து சிக்னல் மெலிந்த இடமானால் பட்டையின் அடிப்பகுதிக்கென்றே செய்த 'குரூப் ஏ' யாகி இன்னும் பொருந்தும். தண்டின் நுனி மூடி சிவப்பாக இருந்தால் அது குரூப் ஏ.

மாட்டும்போது கம்பிகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். கிரிஸ்டல் பேலஸ் கிடைநிலையில் ஒலிபரப்புகிறது. சிறு துணைநிலையங்கள் பெரும்பாலும் செங்குத்து. அங்கே கம்பிகள் நின்றிருக்க வேண்டும். இதை மாற்றி மாட்டினால் சிக்னலின் பெரும்பங்கு போய்விடும். அக்கம்பக்கத்துக் கூரைகளை அண்ணாந்து பார்த்தாலே திசையும் நிலையும் தெரிந்துவிடும். ஹாரோவிலிருந்து தென்கிழக்கு, ஈஸ்ட் ஹாமிலிருந்து தென்மேற்கு, டூட்டிங்கிலிருந்து கிட்டத்தட்ட நேர்கிழக்கு.

மேசை மேல் வைக்கும் ஏரியலை, கோபுரத்துக்குப் பக்கத்தில் மேல்மாடியில் குடியிருந்து, ஜன்னலும் அந்தப் பக்கம் திறந்தால் ஒழிய, வாங்க வேண்டாம். ஆள் குறுக்கே நடந்தாலே படம் கட்டம் கட்டமாக உடையும். லாஃப்ட்டில் (கூரைக்கு அடியிலுள்ள பரணில்) மாட்டுவது மழைக்கும் காற்றுக்கும் தப்பும். ஆனால் ஓடு ஒரு பங்கைத் தின்றுவிடும், நனைந்த ஓடு இன்னும் தின்னும். கூரைக்கு அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத்தடுப்புப் பலகையோ, மேலே சோலார் பலகையோ கோபுரம் இருக்கும் பக்கம் இருந்தால் லாஃப்ட் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

இனி கேபிள். ஏரியல் மேல் பழி போடும் பாதிப் பிரச்சினைகள் இங்கேதான் இருக்கின்றன. 'லோ லாஸ்' என்று விற்கும் மெலிந்த பழுப்பு கேபிளைத் தொடாதீர்கள். உறைக்குள் நடுக்கம்பியைச் சுற்றிக் காக்கும் அதன் கம்பிப் பின்னல் விரல்விட்டு எண்ணலாம்போல் இருக்கும். செப்புத் தாளும் செப்புப் பின்னலும் கொண்ட டபிள்யூஎஃப் 100 வகை வாங்குங்கள். 15 மீட்டருக்கு இந்த அலைவரிசையில் இழப்பு இரண்டு டெசிபெல் சொச்சம்தான். கேபிள் முனைக்கான திருகு இணைப்பான எஃப் கனெக்டர் மாட்ட, வெளியுறையை ஒன்றேகால் சென்டிமீட்டர் சீவி, பின்னலையும் தாளையும் உறைமேல் மடித்துவிட்டு, கனெக்டரைத் திருகி ஏற்றுங்கள். வெள்ளைக் காப்பு உள்விளிம்போடு சமமாகவும், நடுக்கம்பி வாயைத் தாண்டி 2–3 மில்லிமீட்டரும் நிற்க வேண்டும். பின்னலின் ஒற்றை இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். அது போதும் சிக்னலைக் கெடுக்க. வெளியே இருக்கும் இணைப்பைத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். சுவருக்குள் நுழையும் முன் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு வளைத்தால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். உள்ளே போன தண்ணீர் செம்பைக் கறுக்கவைத்து, ஓரிரு குளிர்காலத்தில் கேபிளையே வீணாக்கும்.

டிவி சாக்கெட்டில் 50–60 டெசிபெல் மைக்ரோவோல்ட் (சிக்னல் மீட்டர் காட்டும் அளவு) கிடைத்தால் நிம்மதி. 45-க்குக் கீழே ஆபத்து, 65-க்கு மேலேயும் ஆபத்து. டூட்டிங் போன்ற இடத்தில் சிக்னல் மிஞ்சியே படம் உடையும். அதற்குச் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் அல்ல, குறைக்கும் அட்டெனுவேட்டர்தான் மருந்து. இரண்டாகப் பிரித்தால் சுமார் 4 டெசிபெல் போகும், நான்காகப் பிரித்தால் 8. பல அறைக்குக் கொடுக்கும்போதுதான் ஆம்ப்ளிஃபையர் நியாயம். அதுவும் டிவிக்குப் பின்னால் அல்ல, ஏரியலுக்கு அருகில். கேபிளில் வரும் வழியிலேயே சேர்ந்த இரைச்சலைப் பின்னால் பெருக்கிப் பயனில்லை. மேலே உள்ள ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் கேபிள் வழியே போகிறது. ஒரு நாள் எல்லாச் சேனலும் ஒரேயடியாகப் போனால், கூரை ஏறும் முன், அந்த அடாப்டரை வீட்டில் யாராவது பிளக்கிலிருந்து கழற்றினார்களா என்று பாருங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு ஆட்டோ ட்யூனிங்கில் சில சேனல்கள் 800-க்கு மேற்பட்ட எண்ணில் இரட்டையாக வந்து உட்காரும். டிவி வேறொரு நிலையத்தையும் பிடித்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பட்டியலை அழித்து, ஏரியல் வயரைக் கழற்றி ஒருமுறை ட்யூன் செய்து காலியாக்கி, மீண்டும் செருகி, மேனுவல் ட்யூனிங்கில் கிரிஸ்டல் பேலஸின் அந்த ஆறு எண்களையும் (22, 23, 25, 26, 28, 30) ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் 'ஸ்ட்ரெங்த்'தை விட 'குவாலிட்டி' எண்ணைப் பாருங்கள். அது ஆடாமல் நின்றால் ஏரியலின் நட்டை இறுக்கிவிடலாம்.